தொட்டுப்போட்டீங்களா?

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்டீல் பட்டறைக்கு முதலாளி நான்தான். பலகையில் என் பெயர்தான் இருந்தது. ஆனாலும் காலையில் இரண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அக்கா நிற்பார். உள்ளங்கையைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்.

"வண்டியத் தொட்டீங்கல்லோ? ஒருக்கா கழுவிப்போட்டு வாங்க."

நானும் கழுவிப்போட்டுப் போவேன். மானக்கேடுதான், என்ன செய்வது!

பக்கத்து நூல் மில்லை மூடியபோது வேலை போனவர்களில் அக்காவும் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பட்டறையைக் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன். மில்லில் பறக்கிற பஞ்சைக் கூட்டியே பழகியவர். "பஞ்சு எங்க போயி ஒளிஞ்சுக்கும்னு எனக்குத் தெரியுமுங்க" என்று முதல் நாளே சொன்னார். எங்கள் பட்டறையில் பஞ்சு கிடையாது, இரும்புத் தூள்தான். இரும்புத் தூளும் அதே இடத்தில்தான் ஒளிந்துகொள்கிறது என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து. பால் குளிரூட்டும் தொட்டி ஒன்றுக்காக ஸ்டீல் தகடுகளில் எங்கே வெட்டுவது, எங்கே துளைப்பது என்று இரண்டு நாள் உட்கார்ந்து கோடு போட்டு வைத்திருந்தோம். காலையில் வந்து பார்த்தால் தகடு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரு கோடு இல்லை. நான் தையா தக்காவென்று குதித்தேன். அக்கா கையில் துணியோடு நின்றார். "அழுக்குன்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றார். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன். ஆனால் தகட்டின் அந்தப் பளபளப்பில் என் கோபமான மூஞ்சி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு எண்ணெய் மில்காரர் வருவார். பெரிய மனிதர். வெற்றிலை போட்ட விரலோடு, தனக்காகச் செய்கிற தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அவர் தட்டத் தட்ட, பின்னாலேயே அக்கா துடைத்துக்கொண்டு போவார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏனுங்க, தொட்டுப்போட்டீங்களா?" எண்ணெய் மில்காரருக்கு மூக்கு சிவந்துவிட்டது. விருட்டென்று கிளம்பிப் போனார். போச்சு, ஆள் இனி வரமாட்டார் என்று நான் தலையில் கை வைத்தேன். அடுத்த மாதம் வந்தார். காரிலிருந்து இறங்கி நேராகக் குழாயடிக்குப் போனார்.

அந்தக் கேள்வியை அக்கா எப்படிக் கேட்பார் என்று எழுத்தில் காட்ட முடியாது. அதட்டல் இருக்காது. குழந்தை தடுக்கி விழுந்ததைப் பார்த்தவர் போல ஒரு பதற்றம், அதன் பின்னாலேயே கொஞ்சம் சிரிப்பு. ஒருநாள் டீ வேளையில் லேத் ஓட்டுகிறவர் வாயைக் கொடுத்தார்.

"ஏனுங்க்கா, எப்பப் பாத்தாலும் தொடாதே தொடாதேங்கிறீங்களே, இந்த வியாதி உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "சின்னதுல எங்க ஊர்ல எங்களப் பாத்து எல்லாரும் அதத்தானுங்க சொல்லுவாங்க. டீக்கடையில அந்த டம்ளரத் தொடாதே, கெணத்துல கயித்தத் தொடாதேன்னு. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு. இப்ப நாஞ் சொல்றேன், நீங்கெல்லாம் கேக்கறீங்க. நல்லாத்தான இருக்குது?"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். லேத்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எங்கள் தோட்டத்துக் கிணற்றிலும் ஒரு கயிறு இருந்தது.

எனக்கும் அவருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. எங்கள் பட்டறையிலிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் லாரியில் ஏற்றுவோம். அப்பா காலத்துப் பழக்கம். நான் சந்தனம் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அக்கா துடைத்துவிடுவார். "சாமிக்கு வெச்சதத் தொடைக்கறீங்களே" என்று கத்துவேன். "சாமி பாத்துப்போட்டாருங்க, இனித் தொடைக்கலாமுங்க" என்பார். இவரிடம் என்ன பேச?

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் வடக்கேயிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார். தமிழ்க்காரர்தான், சோடாபுட்டிக் கண்ணாடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை. ஸ்டீலில் நுணுக்கமாகப் பற்றவைக்கும் பட்டறை தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். அக்கா அவரையும் குழாயடியில் மறித்தார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். பிறகு உள்ளே வந்து ஒரு மேஜையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"இங்கேயே செய்யலாம் சார்" என்றார்.

என் வெல்டிங்கின் பெருமை அவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் என் வெல்டிங்கைப் பார்க்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் சிங்க்ரோட்ரான் என்று ஒரு பெரிய யந்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து வருகிற எக்ஸ்ரே வெளிச்சத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுக்க வேண்டும். அந்தக் குழாய்ப் பாதைக்கு பீம்லைன் என்று பெயர். நடுவில் ஒரு ஸ்டீல் அறை. அதற்குள் ஒரு படிகம் இருந்து, வருகிற வெளிச்சத்தில் வேண்டிய ஒரு நிறத்தை மட்டும் பொறுக்கித் தரும். அந்த ஸ்டீல் அறையைத்தான் நாங்கள் செய்ய வேண்டும். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. பட்டறைப் பையன்கள் 'அண்டா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டீ குடிக்கும்போது விஞ்ஞானி எல்லோருக்கும் விளக்கினார். "எலக்ட்ரான்னு ரொம்பச் சின்னத் துகள். அதை வட்டமா ஓட விடுவோம், பயங்கர வேகத்துல. ஒவ்வொரு வளைவுல திரும்பறப்பவும் அதுலருந்து வெளிச்சம் சிதறும்."

"ஈரத்துணியச் சுத்துனா தண்ணி தெறிக்குமுங்களே, அதாட்டமுங்களா?" என்றார் அக்கா.

விஞ்ஞானி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அதேதாம்மா! அந்த வெளிச்சத்தை ஒரு பொருள் மேல விட்டா, அது சிதறுற விதத்தை வெச்சு உள்ளே எந்த அணு எங்க உக்காந்திருக்குன்னு சொல்லிடலாம். ஆனா வெளிச்சம் வர்ற பாதையில காத்துகூட இருக்கக் கூடாது. அண்டாவுக்குள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"ஒண்ணுமே இல்லாததுக்கா இத்தாச்சோட்டு அண்டா?" என்று அக்கா இரண்டு கையையும் அகல விரித்து வாயைப் பிளந்தார்.

"ஒரு விரல் ரேகை உள்ள பட்டாப் போதும்மா. அதுல இருக்கிற எண்ணெய் நாள்கணக்கா ஆவியாகிட்டே இருக்கும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் காலியாகாது."

அக்கா மெதுவாகத் திரும்பி, முதலில் லேத்காரரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பட்டறையில் எல்லோருமே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து அக்காவின் ராஜ்ஜியம்தான். மூலையில் பிளாஸ்டிக் திரை கட்டி ஒரு அறை. உள்ளே போனால் தலையில் துணி, கையில் வெள்ளை உறை. வெந்நீர், அசிட்டோன், மறுபடி வெந்நீர். கழுவி உலர்ந்த ஒவ்வொரு துண்டையும் அலுமினியத் தாளில் சுற்றிவைப்பார். நான் பற்றவைக்க மட்டும் உள்ளே போகலாம், அதுவும் வாயை மூடிக்கொண்டு. "பேசுனா எச்சில் தெறிக்குமுங்க." என் வாழ்நாளில் நான் அவ்வளவு மௌனமாக இருந்ததே இல்லை. என் மனைவி அக்காவைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்றாள்.

முதல் சோதனைக்கு விஞ்ஞானி பம்பும் கருவிகளும் கொண்டுவந்தார். அண்டாவை மூடிக் காற்றை உறிஞ்சிவிட்டு, வெளியே மூட்டு மூட்டாக ஹீலியம் வாயுவை ஊதிப் பார்த்தார். ஒரு மூட்டில் கருவி கீச்சென்றது. கசிவு. என் வெல்டிங்தான். திருத்திப் பற்றவைத்தேன், ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"இங்கேயே செய்ய முடியும்னு நான் ஒருத்தன்தான் சார் வாதாடிக்கிட்டிருக்கேன்" என்று விஞ்ஞானி போகும்போது சொன்னார். "மொத்தம் மூணு சோதனைதான். மூணாவதும் போச்சுன்னா வெளிநாட்டுலயே வாங்கிடுவாங்க. அப்புறம் நம்ம பக்கத்துப் பட்டறை எதையும் நம்பி இந்த மாதிரி வேலை கொடுக்க மாட்டாங்க."

இரண்டாவது சோதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில், அக்கா வருவதற்கு முன்னால், நான் ஒரு காரியம் செய்தேன். வெளியே சந்தனம் வைத்தால் துடைத்துவிடுவார். உள்ளே வைத்தால்? அண்டாவின் இடதுபக்கத்துச் சின்னக் குழாயின் மூடியைக் கழற்றி, உள்சுவரில் ஒரு பொட்டுச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்து, சாமியை வேண்டிக்கொண்டு, மூடியைத் திரும்பவும் முடுக்கிவிட்டேன். மனசு நிறைந்துபோயிற்று.

திங்கட்கிழமை சோதனை. பம்ப் இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. ஓரளவுக்குமேல் அழுத்தம் காட்டும் முள் இறங்கவே இல்லை. விஞ்ஞானி ஹீலியம் ஊதிப் பார்த்தார், எங்கும் கசிவில்லை. இன்னொரு கருவியைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"வெல்டிங் நல்லா இருக்கு சார். உள்ளதான் என்னவோ இருக்கு. எண்ணெய்ச் சத்துள்ள ஏதோ ஒண்ணு ஆவியாகிட்டே இருக்கு. சுத்தம் பத்தலை."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பட்டறை முழுக்கக் கேட்கிறமாதிரி அக்காவைப் பார்த்துக் கத்தினேன்: "உங்க தலையெண்ணெயும் உங்க கையும்தான்! நீங்க தொட்டுத்தான் கெட்டுப்போச்சு!"

லேத் நின்றது. அக்கா கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். போய்விட்டார். எங்கள் பக்கம் யாரும் கிளம்பும்போது 'வாரேனுங்க' என்று சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். அக்கா சொல்லவில்லை.

விஞ்ஞானி பத்து நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. குழாயடியில் யாரும் கை பார்க்கவில்லை, ஆனாலும் பையன்கள் பழக்கத்தில் கழுவிக்கொண்டுதான் வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. போன வாரம் சாமி கேட்கவில்லை, இந்த வாரமாவது கேட்கட்டும் என்று சந்தனக் கிண்ணத்தோடு போய் அந்தச் சின்னக் குழாயின் மூடியைக் கழற்றினேன். கம்மென்று முகத்தில் அடித்தது சந்தன வாசனை.

கிண்ணம் கையிலேயே இருக்க அப்படியே நின்றேன். மணக்கிறது என்றால் ஆவியாகிறது என்றுதானே அர்த்தம்! இதற்கு விஞ்ஞானி வேண்டுமா? சாமிக்கு வைத்த சந்தனமும் அழுக்காகும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அக்காவின் கைதான் உடனே எட்டியது. அந்தக் கை அண்டாவுக்குள் உறை இல்லாமல் ஒருநாளும் போனதில்லை. எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

குளத்துப் பக்கம் லைன் வீட்டில் அவர் இருந்தார். வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்ததும், "ஏனுங்க மொதலாளி, இந்நேரத்துக்கு?" என்றார். நான் உள்ளே கால் வைக்கப் போனேன்.

"இருங்க இருங்க. அக்கட்டால தொட்டித் தண்ணி இருக்குது. காலக் கழுவிப்போட்டு வாங்க."

கழுவிப்போட்டுப் போனேன். உட்காரச் சொன்னார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "நாந்தாங்க்கா தொட்டுப்போட்டேன்" என்றேன்.

"எதையுங்க?"

சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன், குங்குமத்தைச் சொன்னேன், அவர் வருவதற்கு முன்னால் திருட்டுத்தனமாக வைத்ததைச் சொன்னேன். அக்கா தலை துவட்டிய துண்டை மடித்துக் கொடியில் போட்டார்.

"தப்புச் செஞ்சேன்னு சொல்லியிருந்தாப் போச்சாதுங்க, போகுதுன்னு விட்டிருப்பேன். நான் தொட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே. அதை நான் இங்க வந்தும் கேக்கணுமுங்களா?"

"எல்லாருக்கும் முன்னால சொன்னேன். எல்லாருக்கும் முன்னாலயே வந்து திருப்பிச் சொல்றேன்."

அக்கா என் பக்கம் திரும்பி, "எந்த வெரல்லீங்க வெச்சீங்க?" என்றார்.

மோதிர விரலைக் காட்டினேன். விரலையே பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன், அவர் குபீரென்று சிரித்துவிட்டார். "அய்யோ சாமி! உள்ளார வெச்சா எனக்குத் தெரியாதுன்னு வெச்சுப்போட்டீங்களா!" சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குடித்த டம்ளரை வெளியே கொண்டுபோய், தொட்டியடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். விஞ்ஞானிக்கும் போன் போட்டுச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் லேத்காரர் பவ்யமாகக் கேட்டார்: "ஏனுங்க மொதலாளி, தொட்டுப்போட்டீங்களா?" பட்டறை இரண்டுபட்டது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையுறையை மாட்டினார்.

அண்டாவை முழுக்கப் பிரித்துக் கழுவினோம். சின்னக் குழாய்க்குள் குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி விட்டு எடுப்பார். துணி வெள்ளையாகவே வந்த பிறகும் விட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். "இனிப் போதுமுங்க்கா" என்றால், "கம்முனு இருங்க" என்பார். அப்புறம் அண்டாவைச் சுற்றிச் சூடேற்றும் பட்டையைக் கட்டி, பம்பை ஓட விட்டு, உள்ளே மிச்சம் மீதி இருந்தால் ஆவியாகட்டும் என்று இரண்டு நாள் வேகவைத்தோம். ஆறியதும் மூன்றாவது சோதனை.

விஞ்ஞானி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் விஞ்ஞானியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போன தடவை நின்ற இடத்தில் முள் நிற்கவில்லை. தாண்டி இறங்கியது. இன்னும் இறங்கியது. திடீரென்று அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி வீசாத குறையாக, "வந்துருச்சு சார், வந்துருச்சும்மா!" என்று சின்னப் பையன் மாதிரி குதித்தார். நானும் குதித்தேன். மைசூர்பாகு டப்பா திறந்தது. "அக்கட்டால போயித் தின்னுங்க, நெய்க் கையோட யாரும் இங்க வரக் கூடாது!" என்று அக்கா எல்லோரையும் வெளியே விரட்டினார்.

அண்டாவை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்ததும், சந்தனக் கிண்ணத்தை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "பொட்டிக்கு வெச்சுக்குங்க. நெறையா வெச்சுக்குங்க" என்றார். வைத்தேன். அதை மட்டும் அவர் துடைக்கவில்லை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் பீம்லைன் ஓடத் தொடங்கியது. வந்து பார்க்கச் சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்தது. அக்காவின் கடிதத்தில் அக்காவின் பெயர் டைப் அடித்திருந்தது. ரயிலில் ஏறியதும் முதல் வேலையாக சீட்டைத் துடைத்தார், எதிர் சீட்டையும் துடைத்தார். இரண்டு நாள் பயணத்தில் அந்தப் பெட்டியில் ஏறிய ஒருவரும் தப்பவில்லை.

பெரிய கூடம். குழாய்களும் வயர்களும் பின்னிக் கிடந்த இடத்தில், நடுவில், எங்கள் அண்டா. பம்ப் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதற்குள் ஒரு வெளிச்சம் போய்க்கொண்டிருப்பதாக விஞ்ஞானி சொன்னார்.  பெற்ற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"தொட்டுப்போட்டீங்க்ளா?"

திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். கேட்டது அக்கா இல்லை. ஜீன்ஸ் போட்ட ஒரு வடநாட்டுப் பெண், அங்கே ஆராய்ச்சி செய்கிறவள். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பதற்றமும் அதன் பின்னால் அந்தக் கொஞ்சம் சிரிப்பும் அச்சு அசல்!

விஞ்ஞானிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு சார். இங்க யார் கருவியில கை வெச்சாலும் இதான் கேப்பாங்க. பாதிப் பேர் இது ஏதோ வேக்யூம் சம்பந்தமான வார்த்தைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க." பிறகு அந்தப் பெண்ணிடம் அக்காவைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் ஓடிவந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவே இல்லை.

 அக்கா அவள் தோளுக்கு மேலாக அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் விஞ்ஞானியிடம், "ஒரே ஒருக்கா, வெறுங்கையில தொட்டுக்கட்டுங்களா?" என்றார். "உறை போட்டுத்தானுங்க தொட்டிருக்கேன்."

"வெளியில தாராளமாத் தொடலாம்மா. ஒண்ணும் ஆகாது."

"கொழாய் எங்கீங்க இருக்குது?"

அந்தப் பெண் கூட்டிப் போனாள். அக்கா சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, உதறி, காற்றில் உலரவிட்டுக்கொண்டே வந்தார். அண்டாவின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "அதிருதுங்க" என்றார். வைத்த கையை எடுக்க மனசே இல்லாமல் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

நானும் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையைக் கொண்டுபோனேன். அக்கா கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

நான் குழாய் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண்ணிடம் சைகையில் கேட்டுக்கொண்டு போனேன்.